ஆடி முடிவதற்குள் ஒரு கப்பல்

கார்த்திகேசனுக்குத்தான் என்னைக் கொடுப்பது என்று நான் பிறந்த அன்றைக்கே முடிவாகிவிட்டதாம். ரேஷன் கார்டில் பெயர் சேர்த்த மாதிரி அம்மா இதைச் சொல்வாள். அவன் என் தாய்மாமன் ராஜாங்கத்தின் பெரிய மகன். அப்போது அவனுக்கு நாலு வயது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பயலுக்கு என் மேல் உரிமை வந்துவிட்டது. அவனுக்கு அந்த உரிமை வந்து இருபத்தோரு வருஷம் கழித்து, 2005-ல், நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு வந்து நிற்கிறேன். எங்கள் இரண்டு வீட்டிலும் சேர்த்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் ஒன்றும் மாறவில்லை.

ஆடி பிறப்பதற்கு முந்தின வாரம் மாமா வந்தார். உட்காரக்கூட இல்லை. "ஆடி போவட்டும் திரௌபதி. ஆவணி மொத வெள்ளிக்கெழம தட்டோட வர்றோம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மோரைக் குடித்துவிட்டுப் போனார். அப்பா, "சரிங்க மச்சான்" என்றார். அப்பா எப்போதும் அதைத்தான் சொல்வார். அவர் வேலை செய்வது மாமா குத்தகைக்கு எடுத்திருக்கிற உப்பளத்தில்.

"எம்மா, நான் எம்.சி.ஏ. படிக்கப்போறேன்னு சொன்னேனே."

"படி. யாரு வேணாம்னது? கட்டிக்கினு படி. மாமன் வூடு என்னா டில்லியிலயா இருக்குது? நாலு தெரு தள்ளி."

"எனக்கு அவன் வேணாம்."

அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்தாள். கையில் பாதி நறுக்கின கத்திரிக்காய். "இத நீ வெளிய சொன்னா எங்கண்ணன் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டான். எனக்குப் பொறந்த வூடுன்னு ஒண்ணு இருக்காது. நாளைக்கு நான் செத்தாகூட கோடித்துணி போட ஆள் வராது. சொல்றதுன்னா சொல்லுடி, போ."

எங்கள் பக்கத்து நியாயம் இது. மாமன் மகனைப் பெண் வேண்டாம் என்றால், அவள் மாமனையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. உறவு அறுந்துவிடும். அதையே பையன் சொன்னால் ஒன்றும் அறுந்துபோகாது. கொஞ்ச நாள் பேசுவார்கள், அந்தப் பெண்ணிடம் ஏதோ குறை இருக்குது என்று. அந்தக் குறையை நான் சந்தோஷமாகத் தலையில் வைத்துக்கொள்வேன்.

ஆக, வேண்டாம் என்பது அவன் வாயிலிருந்து வர வேண்டும். ஆடியில் யாரும் நல்ல காரியம் பேச மாட்டார்கள். அந்த ஒரு மாதம் எனக்கு இருந்தது.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி, கூனிமேட்டு சேட்டு பாய் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் நான் ஆபரேட்டர். பயோடேட்டா அடிப்பேன். ரிசல்ட் எடுத்துக் கொடுப்பேன். துபாயில் இருக்கிற புருஷனுக்கு மெயில் அனுப்ப வருகிற பெண்களுக்கு, அவர்கள் சொல்லச்சொல்ல அடித்துக் கொடுப்பேன். மற்ற கம்ப்யூட்டர்களில் பையன்கள் கார் ரேஸ் விடுவார்கள், துப்பாக்கி சுடுவார்கள். ஜன்னலோரத்து கம்ப்யூட்டர் கார்த்திகேசனுடையது மாதிரி. அவன் டிப்ளமா மெக்கானிக்கல். சென்னை ஹார்பரில் ஒரு வருஷம் கான்ட்ராக்டில் வேலை பார்த்தான். மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டு வந்தான். இப்போது அப்பன் உப்பளத்தை மேற்பார்வை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, சாயங்காலமானால் இங்கே வந்து நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டுவான்.

இரண்டாம் உலகப்போர் கேம் அது. பாண்டியிலிருந்து எவனோ சி.டி.யில் காப்பி போட்டுக் கொண்டுவந்தது. தண்ணிக்குள் ஒளிந்துகொண்டு, பெரிஸ்கோப்பை மட்டும் வெளியே நீட்டி, மேலே போகிற கப்பலை டார்பிடோ விட்டு முழுகடிக்க வேண்டும். மற்ற பையன்கள் குறி பார்க்கிற வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடுவார்கள். கப்பல் மேல் ஒரு முக்கோணம் வரும், அது பச்சையானதும் பட்டனைத் தட்டினால் போதும். கார்த்திகேசன் அந்த வசதியை அணைத்துவிட்டு ஆடுவான். கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, அதன் மூக்கு நம்மைப் பார்த்து எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, இந்த மூன்றையும் தானே கண்டுபிடித்துப் போட்டு அடிப்பான். மரக்காணத்தில் வேறு யாருக்கும் அது வராது. அதில் அவனுக்கு ஏகத் திமிர்.

நான் போய் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"கார்த்தி, ஒரு விஷயம்."

"மாமான்னு கூப்புடு."

"கூப்புட மாட்டேன். ஆவணியில தட்டோட வரப்போறீங்களாமே. உங்கப்பாகிட்ட நீ என்ன வேணாம்னு சொல்லிடு."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தான். "நான் ஏன் சொல்லணும்? எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லியே. நீ பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்க தமிழு. வாய்தான் நீளம்."

வீட்டில் வைத்த பெயர் செந்தமிழ். அவன் எப்போதும் அதைப் பாதியாக வெட்டித்தான் கூப்பிடுவான்.

"கட்டிக்கினா தெனம் இந்த வாயத்தான் கேக்கணும்."

"பழகிடும். ஹார்பர்ல கிரேன் சத்தத்துலயே தூங்குனவன் நானு."

பையன்கள் சிரித்தார்கள். எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. "இதுல என்னா அவ்ளோ பெருமை உனக்கு?" என்று திரையைக் காட்டினேன். "மூணு நம்பர் கண்டுபுடிக்கணும். பிளஸ் ஒன் கணக்கு."

அவன் அப்போதுதான் திரும்பினான். எதைத் தொட்டால் வலிக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பிளஸ் ஒன் கணக்கா? சரி. ஆடி முடியறதுக்குள்ள என்கூட ஆடு. ஒரே மிஷன், ஒரே கப்பல். எல்லாம் மேனுவல். யாரு கம்மியான டார்பிடோவுல முழுகடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. நீ ஜெயிச்சா நானே எங்கப்பாகிட்ட வேணாம்னு சொல்றேன்."

"நெசமாவா?"

"எங்கம்மா மேல சத்தியம். தோத்துட்டன்னா, இதே எடத்துல எல்லார் முன்னாடியும் மாமான்னு கூப்புடற. அப்புறம் மூச்சுவிடாம கழுத்த நீட்டற."

"ஏம்பா, இன்னா பேச்சு இது" என்றார் சேட்டு பாய் மேஜையிலிருந்து. "நிக்காஹ் விஷயத்துல எல்லாம் பந்தயம் வெக்கறது நல்லதில்ல."

"பந்தயம் வெச்சாச்சி பாய். நீங்கதான் சாட்சி" என்றேன்.

அவனுக்கு அது விளையாட்டு. அதனால்தான் அவ்வளவு சுலபமாக அம்மா மேல் சத்தியம் செய்தான்.

காலைக் கூட்டம் கலைந்துவிட்டால் மூன்று மணி வரை சென்டரில் ஈதான் பறக்கும். டைப்பிங் வேலையை முடித்துவிட்டால் ஜன்னலோரத்து கம்ப்யூட்டரில் உட்கார பாய் ஒன்றும் சொல்ல மாட்டார். நான் கார்த்திகேசனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செத்தாலும் கேட்க மாட்டேன். நெட்டில் தேடினேன். இந்த கேமுக்கென்றே ஒரு தளம் இருந்தது. அதில் உலகத்துக் கிழவர்கள் எல்லாம் உட்கார்ந்துகொண்டு, பாகப்பிரிவினையில் அடித்துக்கொள்கிற மாதிரி கோணத்துக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இங்கிலீஷைப் பிரித்துப் பிரித்துப் படித்தேன்.

தூரம் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. கேமுக்குள்ளேயே கப்பல்களின் படம் போட்ட புத்தகம் ஒன்று உண்டு. எந்தக் கப்பலுக்குக் கொடிமரம் எவ்வளவு உயரம், கப்பல் எவ்வளவு நீளம் என்று அதில் இருக்கும். எதிரில் இருப்பது எந்தக் கப்பல் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பெரிஸ்கோப்பில் ஒரு பிடியைத் திருகினால், கப்பலின் நிழல் ஒன்று தனியாக மேலே ஏறும். நிழலின் அடி கொடிமரத்தின் உச்சியில் போய் உட்காரும்போது நிறுத்தினால் தூரம் விழும். முதலில் நான் கொடிமரத்துக்குப் பதிலாகப் புகைபோக்கியைப் பிடித்து, இல்லாத தூரத்துக்கெல்லாம் அடித்துக்கொண்டிருந்தேன். அது தெரிந்ததும் சரியாகிவிட்டது.

வேகம் அதைவிடச் சுலபம். பெரிஸ்கோப்பின் நடுக்கோட்டை அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பலின் மூக்கு கோட்டைத் தொட்டதும் கடிகாரத்தைத் தட்ட வேண்டும், வால் கடந்ததும் நிறுத்த வேண்டும். நீளத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். இதில் நான் செய்த முட்டாள்தனம், என் கப்பலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கப்பலை அளந்தது. பஸ்ஸில் போய்க்கொண்டே பக்கத்து பஸ்ஸின் வேகத்தைச் சொல்கிற மாதிரி. பிசிக்ஸ் படித்தவள் செய்கிற தப்பா அது? என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

ஆனாலும் அடி விழவில்லை. டார்பிடோ போகும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். கப்பலுக்கு முன்னால் போகும், இல்லாவிட்டால் பின்னால் போகும். கப்பல்காரன் உஷாராகி வளைந்து வளைந்து ஓடுவான். காவல் கப்பல் வந்து என் தலைமேல் குண்டு போடும். எதிரே மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று தெருவெல்லாம் குழாய் ஸ்பீக்கர். காவல் கப்பலின் எஞ்சின் சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்க முடியாது. அம்மன் பாட்டு கேட்டுக்கொண்டே தினமும் முழுகிச் செத்தேன்.

வீட்டில் அம்மா பட்டுப்புடவைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். அரக்கா, மாம்பழக் கலரா? "உனக்கு எது புடிக்குதோ எடுத்துக்கோ" என்றேன். "எனக்கில்லடி, உனக்கு." தூக்கத்தில் கை எதையோ திருகிக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாள். "அந்தக் கடலே வந்து ஊர வாரிப்போட்டுட்டுப் போயி ஒரு வருஷம் ஆவல. நீ கம்ப்யூட்டருக்குள்ள போயி என்னாத்தடி கடல்ல தேடற?" யார் போய் அவளிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பந்தயத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆடி பாதி போயிருக்கும். ஒருநாள் கார்த்திகேசன் மதியமே வந்துவிட்டான். பின்னால் நின்று, நான் மூன்று டார்பிடோ வீணாக்குகிற வரை பார்த்தான்.

"கோணம் எவ்ளோ போட்ட?"

"தொண்ணூறு."

"முந்தின கப்பலுக்கு?"

"எண்பத்தஞ்சு."

"அதுக்கு முந்தினதுக்கும் தொண்ணூறுதான் போட்டிருப்ப." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "பாய், இங்க வாங்களேன். உப்பளத்துப் பொண்ணு கப்பல் பாக்கற அழகப் பாருங்க! ஏய், நம்ப ஊரு வரப்புல நின்னு பாத்தா கப்பல் எப்பிடிப் போவும்? மெட்ராஸ் பக்கம் போவும், இல்ல காரைக்கால் பக்கம் போவும். குறுக்கால, பக்கவாட்டுல. நீ பொறந்ததுலருந்து அதத்தான் பாத்திருக்க. மூஞ்சிக்கு நேரா வர்ற கப்பல நீ பாத்ததே இல்ல. தோ, இது முப்பது டிகிரியில உன்னப் பாத்து வந்துக்கினு இருக்குது. நீ அத பக்கவாட்டுல போவுதுன்னு நெனச்சி அடிக்கற."

"உனக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?"

"நான் ஹார்பர்ல நின்னவன்டி. மூக்கு எந்தப் பக்கம் எவ்ளோ திரும்பியிருக்குதுன்னு பாத்த ஒடனே சொல்லுவேன். இந்தக் கண்ணு உனக்கு இந்த ஜென்மத்துல வராது. இப்பவே மாமான்னு கூப்புட்டுப் பழகு."

அவன் சொன்னது சரி. அதுதான் ஆத்திரம். திரையில் பார்த்தேன். ஒரு பக்கம் முழுதாகத் தெரிந்தால்தான் கப்பல் என்று என் கண் பழகியிருந்தது. சாய்வாக வருகிற கப்பலைக்கூட என் மூளை நிமிர்த்திப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டது. இரண்டு மூன்று நாள் கோணம் பார்க்கப் பழகினேன். நாற்பது என்று போட்டால் எழுபதாக இருந்தது. எழுபது என்றால் ஐம்பது. கண் வரவில்லை. அவன் சொன்ன மாதிரி அது வராதுதான்.

அப்புறம் ஒருநாள் சாம்பார் சாதம் தின்றுகொண்டே யோசித்தேன். எனக்குத் தொண்ணூறு மட்டும்தானே தெரியும்? தொண்ணூறாக இருக்கிற இடத்தில் போய் நான் நின்றால் என்ன?

கையைக் கழுவிவிட்டு அந்தத் தளத்தைத் திரும்பத் திறந்தேன். கிழவர்களில் ஒருத்தர் இதையேதான் எழுதியிருந்தார். நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன். கப்பலை உடனே துரத்தக் கூடாது. முதலில் கடல் வரைபடத்தில் அது இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி வைக்கணும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்து ஸ்கேலால் கோடு இழுத்தால், அது போகப்போகிற பாதை தெரிந்துவிடும். முன்கூட்டியே அந்தப் பாதையோரம் போய், மூக்கைப் பாதைக்கு நேர் செங்குத்தாகத் திருப்பிக்கொண்டு, நிற்பதும் தெரியாமல் நிற்கணும். கப்பல் தானாக வந்து நம் முன்னால் பக்கவாட்டில் கடக்கும். அப்போது கோணம் தொண்ணூறேதான். டார்பிடோவும் வளையாமல் நேராக ஓடுவதால், தூரம் கொஞ்சம் தப்பானால்கூட பாதகமில்லை. வேகம் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். கப்பல் நமக்கு நேரே வருவதற்குக் கொஞ்சம் முன்பே விட்டுவிட வேண்டும்.

அன்று மதியம் முதல் கப்பல் முழுகியது. நான் போட்ட சத்தத்தில், மெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா பயந்து எழுந்துவிட்டாள். "பாஸாயிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா" என்றேன்.

ஆடியின் கடைசிப் புதன்கிழமை சாயங்காலம் பந்தயம். விஷயம் பரவி, பையன்கள் ஜன்னலுக்கு வெளியேகூட நின்றார்கள். சேட்டு பாய் மிஷனைத் தானே தேர்ந்தெடுத்தார். ஒரே ஒரு சரக்குக் கப்பல், கூட ஒரு காவல் கப்பல்.

கார்த்திகேசன் முதலில் ஆடினான். நன்றாகத்தான் ஆடினான், பொய் சொல்லக் கூடாது. நேராகப் பாய்ந்து போனான். பெரிஸ்கோப்பை இரண்டே தடவை தூக்கினான். கோணத்தைப் பார்த்த மாத்திரத்தில் போட்டான். முதல் டார்பிடோ கப்பலின் வாலில் பட்டு வெடித்தது. பையன்கள் விசிலடித்தார்கள். ஆனால் கப்பல் சாகவில்லை, நொண்டிக்கொண்டு திரும்ப ஆரம்பித்தது. இரண்டாவது தவறியது. மூன்றாவதில் முழுகியது.

"மூணு" என்றார் பாய்.

"உக்காருங்க மேடம்" என்று நாற்காலியைத் துடைத்துவிட்டான் கார்த்திகேசன்.

நான் உட்கார்ந்தேன். புள்ளி வைத்தேன். காத்திருந்தேன். இன்னொரு புள்ளி வைத்தேன். கோடு போட்டேன். கப்பலை விட்டுவிட்டு வேறு பக்கமாகப் போனேன்.

"அக்கா ஊட்டுக்குப் போவுது" என்றான் ஒருத்தன்.

"பயந்துட்டாங்கடா."

பாதையோரம் வந்து, மூக்கைத் திருப்பி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. வெறும் தண்ணி. "தூங்கிட்டியா தமிழு?" என்றான் கார்த்திகேசன். நான் பெரிஸ்கோப்பை மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். பிறகு புகை தெரிந்தது. கொடிமரம் தெரிந்தது. காவல் கப்பல் முன்னால் கடந்து போனது, என்னைப் பார்க்காமல். வேகத்தை அளந்தேன். சந்தேகமாக இருந்தது, திரும்ப அளந்தேன். அதே எண். கோணம் தொண்ணூறு. சரக்குக் கப்பல் முழுப் பக்கத்தையும் காட்டிக்கொண்டு வந்தது, எங்கள் ஊர்க் கடலில் போகிற மாதிரியே. விட்டேன். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்றும் விட்டேன்.

முதல் டார்பிடோ நட்டநடுவில் போய்ப் பட்டது. டங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வெடிக்கவில்லை.

அறை முழுக்கச் சிரிப்பு. இந்த கேமில் அப்படியும் உண்டு, எல்லாம் சரியாகச் செய்தாலும் சில டார்பிடோ வெடிக்காது. அந்த நேரம் பார்த்து இரண்டாவது போய்ச் சேர்ந்தது. கப்பல் நடுவில் இரண்டாக மடிந்தது. மூக்கும் வாலும் மேலே தூக்கிக்கொள்ள, இடுப்பு முதலில் முழுகியது.

யாரும் விசிலடிக்கவில்லை.

"ரெண்டு" என்றார் சேட்டு பாய். "கார்த்தி, சாட்சி நான்தாம்பா."

கார்த்திகேசன் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தான். "தொண்ணூறுலயே நின்னு அடிச்சிட்டியேடி" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆவணி முதல் வெள்ளி. மாமா, வசந்தா அத்தை, கார்த்திகேசன், சின்னவன் தேவநாதன் நாலு பேரும் வந்தார்கள். தேவநாதன் என்னைவிட ஒரு மாதம்தான் பெரியவன். பிளஸ் டூவில் என் பேப்பரைப் பார்த்து எழுதிப் பாஸ் பண்ணினவன். பூ, பழம், வெற்றிலை, புடவை எல்லாம் தட்டில் இருந்தது. அம்மா தட்டுக்கு எதிரே என்னை உட்கார வைத்தாள். மாம்பழக் கலரில் நான் இருந்தேன். அத்தை பூவை எடுக்கக் கை நீட்டினாள்.

"எம்மா, இரு" என்றான் கார்த்திகேசன். "எப்பா, எனக்கு இது வேணாம்."

அவன் சொல்லிவிட்டான். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டான். எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்தது.

"என்னாடா ஒளர்ற?" என்றார் மாமா.

"எனக்கும் அவளுக்கும் ஒத்து வராதுப்பா. அவ என்ன மதிக்க மாட்டா. வேணாம்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார். மாமா அவனை ஒரு அறை விடப்போகிறார் என்று நினைத்தேன். விடவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அம்மா அழுவதைப் பார்த்தார். கூடப் பிறந்தவள் அழுதால் அவருக்குப் பொறுக்காது.

"அழுவாத திரௌபதி. தட்டோட வந்துட்டு வெறுங்கையோட போவனா நானு? அவனுக்குக் குடுத்து வெக்கல. சின்னவன் இருக்கான் இல்ல? டேய் தேவநாதா, வந்து இப்பிடி உக்காருடா."

தேவநாதன் எழுந்து வந்து உட்கார்ந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் என்ன விட்டுடுவானா" என்றாள். அப்பா, "சரிங்க மச்சான்" என்றார். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் இதற்கெல்லாம்? ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இல்லை.

நான் கார்த்திகேசனைப் பார்த்தேன். அவனும் இதை எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது? உரிமை அவனுக்கு அல்ல, அந்த வீட்டுக்கு. ஒருத்தன் விலகினால் அடுத்தவன் வருவான். அந்த அடுத்தவனையும் வேண்டாம் என்று சொல்ல வைக்க எனக்கு இன்னொரு பந்தயம் வேண்டும். தேவநாதனோடு எதில் பந்தயம் வைப்பது, யார் அதிக பரோட்டா தின்பது என்றா?

அத்தை பூவை எடுத்து என் தலைப்பக்கம் கொண்டுவந்தாள். நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

"எனக்கு வேணாம் மாமா."

"என்னா வேணாம்?"

"ரெண்டு பேரும் வேணாம். மூணாவதா ஒருத்தன் இருந்தாலும் வேணாம். நான் படிக்கப்போறேன்."

"அடியே!" என்றாள் அம்மா.

மாமா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். "ஐயப்பா, உம்பொண்ணு என்னா சொல்லுது?"

அப்பா வாயைத் திறந்தார். 'சரிங்க மச்சான்' வருமென்று நான் காத்திருந்தேன். அது வரவில்லை. வேறு எதுவும் கூட வரவில்லை.

"அவர ஏன் கேக்கறீங்க? சொன்னது நானு" என்றேன். "கார்த்திய வேணாம்னு சொல்ல வெச்சதும் நான்தான். உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. கட்டிக்க மாட்டேன், அவ்ளோதான்."

வசந்தா அத்தை பூவைத் தட்டில் திரும்ப வைத்தாள். புடவையைப் பழத்துக்கு மேல் மடித்து வைத்தாள். எல்லாம் மெதுவாக, நான் பார்க்க வேண்டும் என்றே. மாமா எழுந்தார். அம்மா அவர் பின்னால் தெருவில் செருப்பில்லாமல் ஓடினாள். "அண்ணா, அண்ணா, அது சின்ன பொண்ணுண்ணா." தெருமுனை வரைக்கும் அந்தக் குரல் போனது. கார்த்திகேசன் கடைசியாக வெளியே போனான். போகும்போது என்னிடம், "இத மொதல்லியே சொல்றதுக்கு என்னா? என்ன எதுக்குடி நடுவுல நாறடிச்ச?" என்றான். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்.

"தட்டோட வந்தவங்களத் திருப்பி அனுப்பிட்ட" என்றார் அப்பா. "நாளைக்கு அளத்துக்கு நான் போறதா, வேணாமா?"

"போப்பா. வராதன்னு அவரு வாயால சொல்லட்டும். நீயா நின்னுடாத."

அம்மா திரும்பி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. காலில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் அப்பா போனார். நான் சென்டருக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய், திரும்பினேன். ஈ.சி.ஆர். ரோட்டைத் தாண்டி அளத்துப் பக்கம் நடந்தேன். வெயிலில் உப்பு கண்ணைக் குத்தியது. தூரத்துப் பாத்தியில் அப்பா பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார். மாமா குடையோடு வரப்பில் நின்றிருந்தார். கார்த்திகேசன் லாரிக்குப் பக்கத்தில் இருந்தான். என்னைப் பார்த்ததும் வந்தான்.

"உங்கப்பாவ அனுப்பலியேன்னு பாக்கறியா? இப்ப ஆள் கெடைக்காது. மழ புடிக்கறதுக்குள்ள அவ்ளோ உப்பையும் வாரியாவணும். மழ வந்ததும் எங்கப்பா கணக்க முடிச்சிடுவாரு. வூட்ல நேத்தே சொல்லிட்டாரு."

"மழ முடிஞ்சி மறுபடி அளத்துல வேல ஆரம்பிக்கறப்போ?"

"கூப்புட மாட்டாரு."

ஐப்பசி வரைக்கும்தான் அப்பாவுக்கு வேலை. நான் நின்றுகொண்டே யோசித்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு அளம் தெரிந்தது.

"அந்தாண்ட இருக்கற அளம் யாருது?"

"குப்புசாமியோடது. எதுக்கு?"

"நல்லா உப்பு வார்ற ஆள் ஒருத்தர் இருக்காருன்னு சொல்லத்தான்."

"உங்கப்பாவுக்காக நீ போயி கேப்பியா? பொட்டப்புள்ள போயி கேட்டா அந்தாளு பேசவே மாட்டான்."

"பேசலன்னா பேசுற வரைக்கும் நிப்பேன்" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்தேன். அப்பா பலகையை நிறுத்திவிட்டு நான் எங்கே போகிறேன் என்று பார்த்தார். மாமாவும் பார்த்தார்.